டச்சிங் சாரின் நெபுலா

எங்கள் ஸ்டுடியோவில் படம் எடுப்பவன் நான்; அழிப்பவர் என் மச்சான், அதாவது என் அக்காவின் கணவர். இப்படிச் சொன்னால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "அழிக்கிறதில்ல மாப்ளே, சரி பண்றது" என்பார். என்ன பெயர் வைத்தாலும் வேலை ஒன்றுதான். முகப்பரு, தழும்பு, கண்ணுக்குக் கீழே கறுப்பு, கழுத்து மடிப்பு, காலர் சுருக்கம் என்று எது கண்ணில் பட்டாலும் அடுத்த நிமிஷம் அது படத்தில் இருக்காது. ஃபிலிம் காலத்தில், அடியில் பல்ப் எரியும் கண்ணாடி மேஜையில் நெகட்டிவை வைத்து, ஊசி போல் சீவிய பென்சிலால் இதைச் செய்தார். பிறகு பென்சில் போய் மவுஸ் வந்தது, கை மட்டும் அதே கை. ஊரே அவரை டச்சிங் சார் என்றுதான் கூப்பிடும்.

ஒரு முறை, விவாகரத்து வாங்கிப் போன மருமகனைக் குடும்பப் படத்திலிருந்து தூக்கிவிட்டு, அவன் நின்றிருந்த இடத்தில் ஒரு பூந்தொட்டியை வைத்தார். அந்த வீட்டு அம்மா பூந்தொட்டியை வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது எவ்வளவோ தேவல" என்றார். அதே மச்சான்தான், ஒரு முதியவர் சட்டைப்பையில் வைத்து வைத்தே நாலாக மடிந்து கிழிந்துபோன மனைவியின் படத்தை, ஒரு வாரம் உட்கார்ந்து பொட்டுப் பொட்டாகச் சேர்த்துக் கொடுத்தார். முதியவர் அதை மடிக்காமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனார். எனவே என் மச்சானைக் கெட்டவர் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போவேன். நான் திட்டுவது வேறு விஷயம். எனக்கு உரிமை இருக்கிறது.

அவருக்கு ஒரே மகள். பிறக்கும்போதே இடது கன்னத்தில், காதோரத்திலிருந்து தாடை வரைக்கும், காப்பி நிறத்தில் ஒரு பெரிய மச்சம். பார்த்த டாக்டர்கள் எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: உடம்புக்கு ஒன்றும் செய்யாது, விட்டுவிடுங்கள். அக்கா விட்டுவிட்டாள். பிள்ளையும் பொருட்படுத்தவில்லை. மச்சான்தான் விடவில்லை. பள்ளி அடையாள அட்டைக்கு எடுத்த முதல் படத்திலேயே அந்த மச்சத்தை எடுத்துவிட்டார். அதற்கப்புறம் வீட்டில் மாட்டிய ஒவ்வொரு படத்திலும் அவள் கன்னம் பளிங்கு மாதிரி இருந்தது.

ஒரு நாள் அவள் கூடத்துப் படத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு கண்ணாடி முன்னால் போய் நின்றாள். அப்போது அவளுக்குப் பத்து வயதிருக்கும். நானும் அங்கே இருந்தேன்.

"அப்பா, இந்தப் பொண்ணு யாரு?"

"நீதான் கண்ணு."

"எனக்கு இங்க இருக்குமே."

"அத எடுத்துட்டேன்மா. இப்படி நல்லா இருக்குல்ல?"

படத்தை இருந்த இடத்திலேயே மாட்டிவிட்டு வெளியே விளையாடப் போய்விட்டாள். ஆனால் அன்றோடு சரி, அப்பாவின் கேமரா முன்னால் அவள் நிற்கவே இல்லை. பள்ளிக்கு, கல்லூரிக்கு, பரீட்சைக்கு என்று எப்போது படம் தேவைப்பட்டாலும் தெருவைத் தாண்டி எதிர்க்கடைக்குப் போனாள். ஸ்டுடியோக்காரர் மகள் எதிர் ஸ்டுடியோவில் படம் எடுத்துக்கொண்டு வந்தால் எப்படி இருக்கும்? எனக்கு மானம் போனது. மச்சானுக்கு அதற்கும் மேலே ஏதோ போனது. எதிர்க்கடைக்காரர் படத்தை உறையில் போட்டுக் கொடுக்கும்போது இங்கே நாங்கள் இருவரும் கடை ஷட்டருக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருப்போம். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது, ஆனால் அன்று சிரிக்க முடியவில்லை.

அப்பாவுக்கும் மகளுக்கும் பேச்சுவார்த்தை இல்லாமல் போகவில்லை. சாப்பாடு, படிப்பு, காய்ச்சல், எல்லாம் பேசுவார்கள். ஆனால் உட்கார்ந்து சிரித்துப் பேசுகிற பேச்சு மட்டும் நின்றுபோயிருந்தது. அது திரும்ப வந்தது மொட்டைமாடியில்.

ஒரு குளிர்காலத்தில் எங்கள் பகுதி முழுவதும் கரண்ட் போயிற்று. காற்று வாங்க மாடிக்குப் போன அப்பாவும் மகளும், வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்களுக்குக் கீழே மங்கலாக ஏதோ பஞ்சு மாதிரி இருப்பதைப் பார்த்தார்கள். "அது என்னப்பா அழுக்கா?" என்று கேட்டாள். அழுக்கு என்ற சொல்லைக் கேட்டால் மச்சானுக்குக் கை அரிக்கும். கேமராவை எடுத்து வந்து, ஸ்டாண்டில் வைத்துச் சில விநாடி திறந்துவைத்தார். திரையில் ரோஜா நிறத்தில் ஒரு கறை விழுந்தது. நெபுலா என்று அவள் போனில் படித்துச் சொன்னாள். நட்சத்திரங்கள் பிறக்கிற வாயு மேகம். உள்ளே புதிதாய்ப் பிறந்த நட்சத்திரங்களின் கதிர் பட்டு அந்த வாயு தானே சிவப்பாக ஒளிர்கிறது. அதைச் சுற்றி, கண்ணுக்குத் தெரியாத மேகங்கள் இன்னும் பெரிதாகப் பரந்துகிடக்கின்றன, கேமராவை நெடுநேரம் திறந்துவைத்தால் மட்டும் வரும் என்றும் சொன்னாள்.

அவ்வளவுதான், பைத்தியம் பிடித்துவிட்டது. சாதாரணக் கேமராவுக்குள் ஒரு மெல்லிய கண்ணாடி இருக்கும். முகங்கள் இயல்பாகத் தெரிய வேண்டும் என்பதற்காக அடர்சிவப்பைத் தடுத்துவிடும். மேகத்தின் சிவப்பும் அதோடு போய்விடும். மச்சான் எங்கள் பழைய கேமரா ஒன்றைப் பிரித்து அந்தக் கண்ணாடியைப் பெயர்த்து எடுத்தார். என்னிடம் சொல்ல மறந்துவிட்டார். நான் அந்தக் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஒரு வங்கி மேலாளரின் பணி ஓய்வு விழாவுக்குப் போனேன். அத்தனை ஊழியர்களும் படத்தில் குடித்துவிட்டு வந்தவர்கள் மாதிரி சிவந்து நின்றார்கள். மேலாளரின் மனைவி என்னைப் பிடித்துக் கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது.

வானத்தோடு சேர்ந்து மெல்லத் திரும்புகிற மோட்டார் ஒன்று வந்தது. லென்ஸில் பனி படிந்தால் உலர்த்த, எங்கள் மேக்கப் அறையிலிருந்த ஹேர் டிரையர் மாடிக்குப் போயிற்று. மணப்பெண்கள் ஈரத்தலையோடு காத்திருந்தார்கள். அக்கா துணி காயப்போடும் கொடியை இடம் மாற்றியதற்காகத் தனியாக ஒரு சண்டை நடந்தது. ஆனால் இருட்டியதும் மாடியிலிருந்து அப்பாவும் மகளும் சிரிக்கிற சத்தம் கேட்கும். அதனால் அக்கா கொடியைப் பற்றி மறுபடி பேசவில்லை.

ஒரு நாள் நான் டீ கொண்டுபோனபோது அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்: "இருட்டுல உங்களுக்கும் எனக்கும் ஒரே மூஞ்சிதாம்ப்பா." மச்சான் சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பு கொஞ்சம் வலித்தது.

வானப் படத்துக்கு அவள் ஒரு நிபந்தனை போட்டிருந்தாள். ஒரே மேகத்தைப் பல இரவுகளில் எடுத்த படங்களை ஒன்றின்மேல் ஒன்று அடுக்கிச் சேர்க்கலாம். அப்போதுதான் மங்கலானது மேலே வரும். வெளிச்சத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். ஆனால் எது செய்தாலும் மொத்தப் படத்துக்கும் ஒரே மாதிரி செய்ய வேண்டும். ஓர் இடத்தில் மட்டும் பிரஷ்ஷை வைக்கவே கூடாது. மச்சான் ஒத்துக்கொண்டார். புலி புல் தின்ன ஒத்துக்கொண்டதாக நான் அக்காவிடம் சொன்னேன்.

இப்படிச் சில குளிர்காலங்கள் போயின. அவள் லேப் டெக்னீஷியன் படிப்பை முடித்தாள். தொலைவில் ஒரு நகரத்து ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. குளிர் முடிந்ததும் கிளம்ப வேண்டும். அப்போதுதான் மச்சானுக்கு உறைத்தது: வளர்ந்த மகளின் படம் ஒன்றுகூட அவரிடம் இல்லை. வீட்டில் இருப்பதெல்லாம் பளிங்குக் கன்னத்தோடு ஒரு சின்னப் பெண். அந்தப் பெண் எங்கள் வீட்டில் ஒருநாளும் இருந்ததில்லை.

"நீ கேளு மாப்ளே. ஒரே ஒரு படம். நான் கேட்டா மாட்டேன்னுடுவா."

கேட்டேன்.

"எடுக்கலாம் மாமா. எடுத்ததும் அது அப்பா கைக்குப் போகும்ல?"

"போகாம நான் பாத்துக்கறேன்."

"நீங்க மத்தியானம் சாப்பிடப் போவீங்க."

அவளே கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "இந்த வருஷ நெபுலா படம் முடியட்டும். அதுல அவர் கை வைக்காம இருக்காரான்னு பாப்போம். இருந்தா, உக்காருறேன்."

அதை அப்படியே மச்சானிடம் சொன்னேன். தலையில் அடித்துச் சத்தியம் செய்யாத குறை. அந்த வருஷம் அவர் மேகத்தைப் பார்த்துக்கொண்டது போல் கைக்குழந்தையைக்கூட யாரும் பார்த்துக்கொள்ள மாட்டார்கள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொரு படத்தையும் சோதித்தார். மூன்று நட்சத்திரங்களுக்குச் சற்றுத் தள்ளி, கண்ணுக்கே தெரியாத ஒரு மேகம் அது. அடுக்கி முடித்ததும் திரை முழுக்கச் சிவப்பாகப் பரவி நின்றது. நடுவில் கறுப்புத் தூசி ஆறு போல ஓடியது. ஓரத்தில் நீலமாகச் சில நட்சத்திரங்கள். நான் எத்தனையோ முகங்களைப் படம் எடுத்தவன். அந்தப் படத்தின் முன்னால் கையிலிருந்த டீ ஆறும்வரை நின்றேன்.

மகள் அதை வானப் படம் எடுப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். அந்தக் குழுவை நடத்துகிற கணக்கு வாத்தியார் பெரிதாகப் பாராட்டி எழுதினார். அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இரவுச் சாப்பாட்டின்போது, "கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு படம் எடுத்துக்கலாம்ப்பா" என்று தானாகவே சொன்னாள். மச்சான் தட்டைப் பார்த்தபடி தலையாட்டினார். அவர் முகத்தில் நான் எதிர்பார்த்த சந்தோஷம் இல்லை. வயசாகிறது, மகள் போகிறாள், அதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

சில வாரம் கழித்துக் குழுவில் ஒரு செய்தி வந்தது. அதே மேகத்தின் ஓரத்தில், விசிறி மாதிரி சின்னதாக ஓர் ஒளித் திட்டு புதிதாகத் தெரிகிறது. புதிதாய்ப் பிறந்த ஒரு நட்சத்திரம் திடீரென்று பிரகாசமாகி, தன்னைச் சுற்றியிருக்கும் தூசியை வெளிச்சமாக்கியிருக்க வேண்டும். எப்போது தொடங்கியது என்று தெரியவில்லை. இந்தக் குளிரில் அந்தப் பகுதியை எடுத்தவர்கள் தேதியோடு படத்தை அனுப்புங்கள் என்று வாத்தியார் கேட்டிருந்தார்.

எங்கள் வீட்டுப் பெண் துள்ளிக் குதித்தாள். படத்தை அனுப்பி, "இந்தத் தேதிகளில் அங்கே எதுவும் இல்லை, எங்கள் படத்தில் தெளிவாகத் தெரிகிறது" என்று தன் பெயரில் எழுதினாள். அடுத்த நாள் வேறொருவர் அதே வாரத்தில் எடுத்த படத்தை அனுப்பினார். சின்னக் கேமரா, ஆடிப்போன படம். ஆனால் விசிறி இருந்தது. வாத்தியார் மிகவும் மரியாதையாக, "உங்கள் படத்தில் அந்த ஓர் இடம் மட்டும் வழுவழுப்பாக இருக்கிறதே, மென்பொருள் ஏதாவது செய்திருக்குமோ?" என்று கேட்டார்.

அவள் அடுக்குவதற்கு முன்னாலிருந்த படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். எல்லாவற்றிலும் இருந்தது. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு நேராக ஸ்டுடியோவின் பின்னறைக்கு வந்தாள். நான் அப்போது பாஸ்போர்ட் படங்களை வெட்டிக்கொண்டிருந்தேன்.

"அப்பா, எல்லா ஃபிரேம்லயும் இருக்கு. நம்ம படத்துல ஏன் இல்ல?"

மச்சான் முகத்தில் ஈயாடவில்லை. தப்பிக்க வழி இல்லாமல் இல்லை. வாத்தியாரே வழியைக் கோடு போட்டுக் கொடுத்திருந்தார்: மென்பொருள். நான்கூட உள்ளுக்குள், சொல்லித் தொலையுங்கள் மச்சான் என்று வேண்டிக்கொண்டேன்.

"நான்தாம்மா எடுத்தேன்" என்றார்.

அவள் லேப்டாப்பை மேஜையில் வைத்து அந்த இடத்தை அவர் பக்கம் திருப்பினாள்.

"கஸ்டமர் ஒருத்தர் போன்ல பேசிட்டிருந்தார். எப்ப படம் கிடைக்கும்னு கேட்டாரு. பேசிட்டே பாத்தா, கை அது பாட்டுக்குப் போய் எடுத்திருச்சு. பக்கத்து நட்சத்திரத்தோட ஒளி லென்ஸ்ல பட்டுத் தெறிச்ச கறைன்னு நெனச்சேன்."

"பாத்ததும் திருப்பிப் போட்டிருக்கலாம்ல?"

"போட்டிருக்கலாம்." மவுஸை எட்டத் தள்ளிவைத்தார். "அது இல்லாம நல்லா இருந்துச்சு. விட்டுட்டேன்."

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "வானத்தையுமாப்பா?" என்று மட்டும் கேட்டுவிட்டு லேப்டாப்பை மூடிக்கொண்டு போய்விட்டாள். எனக்கு மச்சான்மேல் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. ஒரே ஒரு வேலை. கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்கிற வேலை. அதைக்கூடச் செய்ய முடியாத மனுஷன். அவரைத் திரும்பிப் பார்த்தேன். வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆத்திரம் போன இடம் தெரியவில்லை.

அன்று மாலை ஒற்றை விரலால் தட்டித் தட்டிக் குழுவில் எழுதினார். எனக்குப் படித்துக் காட்டினார். "அந்தத் திட்டு எங்கள் படங்களில் இருந்தது. மென்பொருள் எதுவும் செய்யவில்லை. நான் என் கையால் அழித்தேன். என் மகளுக்குத் தெரியாது. அவள் எழுதியதில் தவறு அவளுடையது அல்ல. தொடாத படங்கள் எல்லாவற்றையும் இத்துடன் அனுப்புகிறேன்." அழித்தேன் என்றுதான் எழுதியிருந்தார். சரி பண்ணினேன் என்று எழுதவில்லை.

தொடாத படங்களைப் பார்த்து வாத்தியார் நன்றி எழுதினார். முதல் நாள் படத்தில் விசிறி மங்கலாகவும், அடுத்தடுத்த படங்களில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரகாசமாகவும் இருந்ததாம். மற்றவர்கள் கை தட்டுகிற பொம்மைகளாகப் போட்டார்கள். மகள் ஒரு பொம்மையும் போடவில்லை. வீட்டில் சாப்பாடு, துணி, பயணப் பெட்டி பற்றி மட்டும் பேச்சு நடந்தது. மாடிக்கு யாரும் போகவில்லை. மச்சான் மோட்டாரைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார். படம் வேண்டும் என்று மறுபடி கேட்கச் சொல்லவும் இல்லை. நானாகக் கேட்கவா என்றபோது, "வேணாம் மாப்ளே. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கேக்கறது?" என்றார்.

கிளம்புகிற வாரத்தில் ஒரு காலை, கடையைத் திறந்து விளக்குகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவள் உள்ளே வந்து வெள்ளைத் திரைக்கு முன்னால் இருக்கும் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"ஆஸ்பத்திரி ஐடி கார்டுக்குப் படம் வேணும் மாமா."

என் நாக்கு சும்மா இருக்குமா? "ஏன், எதிர்க்கடை மூடியிருக்கா?"

"தெறந்துதான் இருக்கு."

அவசரமாகக் கேமராவை எடுத்தேன். "நீங்க வேணாம். அப்பா எடுக்கட்டும்" என்றாள்.

பின்னறையிலிருந்து மச்சான் வந்தார். கேமராவை என் கையிலிருந்து வாங்கினார். ஒவ்வொரு முகத்தையும் எந்தப் பக்கம் திருப்பினால் எது மறையும் என்பது அவருக்கு அத்துப்படி. வருகிறவர்களின் தாடையை விரலால் லேசாகத் தள்ளித் திருப்புவார். அன்று தள்ளவில்லை. "நேரா பாரும்மா" என்றார். அவள் பார்த்தாள். எடுத்தார்.

படம் கம்ப்யூட்டர் திரையில் பெரிதாக வந்து நின்றது. இருபத்து மூன்று வயதுப் பெண். தீர்க்கமான கண். காதோரத்திலிருந்து தாடை வரைக்கும், ஓரம் நெளிந்து நெளிந்து, அதனுடைய இடத்தில் அது இருந்தது. மச்சான் வெகுநேரம் பார்த்தார். இரண்டு கையும் மடியில் இருந்தன. "அழகா இருக்கே கண்ணு" என்றார்.

அவள் அவர் தோளுக்கு மேலே குனிந்து திரையைப் பார்த்தாள்.

"குழுவுல நீங்க எழுதினதப் படிச்சேன்" என்றாள். பிறகு, "மூக்குமேல ஒரு பரு இருக்கே. நேத்துதான் வந்துச்சு. அத மட்டும் எடுத்துடுங்கப்பா" என்றாள்.

மச்சான் மவுஸைத் தொடவில்லை. திரையில் விரலை வைத்தார்.

"இதையா?"

"அதத்தான்."

"வேற?"

"வேற எதுவும் வேணாம்."

எத்தனையோ ஆயிரம் முகங்களில் அந்தக் கை புகுந்து புறப்பட்டதைப் பார்த்திருக்கிறேன். கேட்டுவிட்டுப் போனதை அன்றுதான் பார்த்தேன். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. விளக்கைச் சரிசெய்கிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். பின்னால் மச்சான் மறுபடியும் கேட்டார்: "எடுக்கட்டுமாம்மா?"